முப்பத்தெட்டாவது சுவிட்ச்

"நான் இல்லாட்டி அது ஓட மாட்டேங்குதுங்க மேடம்" என்றான் சென்னியப்பன்.

"எதுங்ணா?" என்று கேட்டார் ஃபரீதா.

"காலண்டர்."

ஃபரீதா அவனை உட்காரச் சொன்னார்.

சென்னியப்பனுக்கு வயது நாற்பத்து நான்கு. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் செல்போன் ஆப் செய்கிறவன். ஃபரீதாவுக்கு முப்பத்திரண்டு. அதே ஊரில் கணபதி என்கிற பகுதியில் மோட்டார் வைண்டிங் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்து வேலை செய்கிறார். ஊரில் ஆப் செய்கிறவர்கள் எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் அந்த மாடிப்படி ஏறுவார்கள். வயதில் சின்னவர்தான். இருந்தாலும் நான் அவரை அவர் என்றுதான் சொல்லப்போகிறேன், சென்னியப்பனை அவன் என்றுதான். படியேறி வந்தவன் அவன்.

"மேடமெல்லாம் வேண்டாங்ணா. ஃபரீதான்னே கூப்பிடுங்க."

அது அவன் வாயில் வரவில்லை. வேண்டாம் என்றவரை மேடம் என்றும் கூப்பிட முடியாது. அன்றிலிருந்து எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டான்.

"விவரமாச் சொல்லுங்ணா."

சொன்னான். கொஞ்சம் நீளமாகத்தான் சொன்னான். நான் சுருக்கிச் சொல்கிறேன்.

செல்போன் திரையில் தெரிகிற ஒவ்வொரு துண்டுக்கும் இந்தத் தொழிலில் விட்ஜெட் என்று பெயர். பட்டன் ஒரு விட்ஜெட். பெயர் எழுதும் கட்டம் ஒரு விட்ஜெட். தயாராகக் கிடைப்பது போதாவிட்டால் நாமே ஒன்றைச் செய்துகொள்ளலாம். ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால், அப்புறம் எந்த ஆப்பில் வேண்டுமானாலும் எடுத்துப் பொருத்தலாம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சென்னியப்பன் அப்படி ஒரு காலண்டர் செய்தான். கல்யாண மண்டபம் பதிவு செய்கிற ஆப்புக்காக. முகூர்த்த நாளெல்லாம் மஞ்சளில் பளிச்சென்று தெரியும். அஷ்டமி நவமி சிவப்பு. ஆடியும் மார்கழியும் சாம்பல் நிறத்தில் கிடக்கும், தொட்டால் அசையாது. ஆடியில் யார் வந்து மண்டபம் கேட்கப்போகிறார்கள்?

அழகான காலண்டர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அடுத்து கம்பெனிக்கு ஒரு ஜவுளிக்கடை ஆப் வந்தது. அந்த டீம் அதே காலண்டரை எடுத்துக்கொண்டது. ஜவுளிக்கடைக்கு ஆடிதான் அறுவடை. எனவே ஆடியைத் திறந்துவிட ஒரு சுவிட்ச் வைத்தான். பிறகு ஒரு கிளினிக் ஆப். அதற்கு ராகு காலம் வேண்டாம் என்று ஒரு சுவிட்ச். ஞாயிற்றுக்கிழமையை மூட ஒன்று. பௌர்ணமி நிலாவை மறைக்க ஒன்று. ஒரு வாடிக்கையாளருக்கு வாரம் திங்களில் தொடங்க வேண்டும், இன்னொருவருக்கு வெள்ளியில் தொடங்க வேண்டும். ஏன் வெள்ளி என்று அவன் கேட்கவில்லை, சுவிட்ச் வைத்துக் கொடுத்தான்.

"இப்ப எத்தனை சுவிட்சுங்ணா?"

"முப்பத்தேழு."

"எது எதுக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தாங்க."

சலிப்பாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. ஃபரீதா அதைப் பார்த்தார்.

"சரி, உங்களுக்கு என்ன வேணுங்ணா?"

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் போன் அடிக்காம இருக்கணும். ஆகஸ்ட் ஆறாந்தேதி."

"அன்னைக்கு என்ன?"

"வீட்டுல ஆபரேஷனுங்க. தைராய்டுல கட்டி."

கட்டி கெட்ட கட்டி இல்லை என்று பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் குரல் நரம்பை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. நூற்றில் ஓரிருவருக்குக் குரல் போய்விடுவது உண்டு என்று டாக்டர் சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். சென்னியப்பனின் மனைவி கலாமணி ஒன்றாம் வகுப்பு டீச்சர். நாள் முழுக்கப் பேசுவதுதான் அவள் வேலை.

"ரெண்டு வருஷம் முன்னாடி அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்துச்சுங்க. கண்ணு முழிச்சப்ப நான் பக்கத்துல இல்லை."

"எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரி மாடிப்படியில. லேப்டாப்போட. ஒரு மண்டபத்துக்காரரு, முகூர்த்த நாளுக்கு மஞ்சள் வேண்டாம், ரோஸ் வேணும்னு கேட்டிருந்தாரு."

கீழே கடையில் யாரோ ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்து நிறுத்தினார்கள்.

"இந்தத் தடவை என் தம்பி வந்து நின்னாப் போதும், நீங்க ஆபீசைப் பாருங்கங்கறா. கோபமாச் சொன்னாக்கூடப் பரவால்லீங்க. சாதாரணமாச் சொல்றா."

ஃபரீதா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க போனாலும், கால் வெச்ச உடனே அவ கேக்கறது ஒண்ணுதானுங்க. எப்பக் கெளம்பணும்? கல்யாண வீடு, கோயிலு, அவங்கம்மா வீடு, எங்க போனாலும் இதேதான். நானும் ஒரு நேரஞ் சொல்லுவேன். அதுக்கு முன்னாடியே போன் வந்துரும்."

"போனை அணைச்சு வெச்சா?"

"கம்பெனி நின்னுருமுங்க."

முதுகு மறுபடியும் நிமிர்ந்தது.

ஃபரீதா மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு பழைய போனை எடுத்தார். மூலையில் விரிசல். சிம் கார்டு இல்லை. அதில் ஒரே ஒரு ஆப் இருந்தது. திறந்து காட்டினார். வெள்ளைத் திரை. வேறு ஒன்றும் இல்லை.

"இதுல உங்க காலண்டரை வெச்சுக் காட்டுங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்ணா."

"போன் அடிக்காம இருக்கத்தானுங்க வழி கேட்டேன்."

"அதைத்தாங்ணா சொல்றேன்."

*

இது சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு சனிக்கிழமை மத்தியானம் தூங்கலாம் என்றும் நினைத்தான்.

காலண்டரை வெள்ளைத் திரையில் வைத்தான். திரை சிவப்பாகி ஒரு கேள்வி கேட்டது. லாகின் செய்திருப்பவர் யார்?

வெள்ளைத் திரையில் யாரும் லாகின் செய்யவில்லை. அப்படி ஒரு வசதியே அங்கே இல்லை. சரியென்று ஒரு பொய்யான ஆளை உண்டாக்கிக் கொடுத்தான். ஆள் எந்த மண்டபத்துக்காரர் என்று கேட்டது. ஒரு பொய்யான மண்டபத்தைக் கொடுத்தான். பஞ்சாங்கம் எங்கே என்று கேட்டது. அந்த ஃபைலைக் கொண்டுவந்து வைத்தான். கம்பெனி சர்வரைத் தேடியது. அதற்கும் ஒரு வழி பண்ணினான். கம்பெனியின் கலர் பட்டியல், லோகோ, முன்பணம் கட்டினவர்கள் பட்டியல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பெண் எடுக்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்பதுபோல் கேட்டது.

ஞாயிறு சாயங்காலம் காலண்டர் எழுந்து நின்றது.

அடுத்த சனிக்கிழமை போனைக் கொண்டுபோய் ஃபரீதா முன்னால் வைத்தான்.

"வந்துருச்சுங்க."

ஃபரீதா பார்த்தார். ஜூலை மாதம். மேல் பாதி வண்ணமயமாக இருந்தது. பதினேழாம் தேதியிலிருந்து கீழே சாம்பல். இருபத்தைந்தாம் தேதியைத் தொட்டார். அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தித் தொட்டார்.

"ஏங்ணா அசையல?"

"ஆடிங்க."

"யாருக்குக் கல்யாணம்?"

சென்னியப்பன் விரலை நீட்டித் தானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தான்.

"இதை நிக்க வைக்க எத்தனை ஃபைல் கொண்டு வந்தீங்க?"

"நாப்பத்தொண்ணு."

"வெறும் திரைன்னு குடுத்தேங்ணா" என்று சொல்லி போனை அவன் பக்கம் தள்ளினார்.

படியிறங்கும்போது அவனுக்குக் கோபம் வந்தது. தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவரிடம் போய் நின்றால் இப்படித்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டான். பைக்கை எடுக்கும்போதுதான் போன் அடித்தது. ஜவுளிக்கடை டீம். நரம்பு வெடிக்கிற கோபத்தோடு எடுத்து, மிகவும் பொறுமையாக, இருபத்திரண்டாவது சுவிட்சை எப்படிப் போடுவது என்று விளக்கினான்.

*

ஜூலை இருபத்தெட்டாம் தேதி கோகிலவாணி கூப்பிட்டாள். கிளினிக் ஆப்பைக் கவனிக்கிற டீமுக்கு அவள்தான் தலைவி.

"சார், ஒரு விஷயம். பதினோரு நாளா ஒரு குழந்தைக்குக்கூடத் தடுப்பூசிக்கு புக்கிங் வரலீங்க."

"ஆப் ஓடுதா?"

"ஓடுதுங்க. மத்த எல்லாம் வருது. தடுப்பூசி மட்டும் வரலை."

"பதினோரு நாளா யாரும் கேக்கலையா?"

"கேக்கலீங்க. ஆடி மாசம், ஜனங்க வர மாட்டாங்கன்னு நர்ஸ் நெனச்சிருக்காங்க. கிளினிக்ல இன்னைக்குக் கூட்டம் இல்லைன்னு எல்லாரும் நல்லா ஓய்வெடுத்திருக்காங்க. இன்னைக்கு ஒரு அப்பா குழந்தையைத் தூக்கிட்டு நேரா வந்துட்டாரு. உங்க ஆப்புல ஒரு நாளும் தொட முடியலையே, ஆடியில ஊசி போட மாட்டீங்களான்னு சண்டை."

சென்னியப்பன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தான்.

தடுப்பூசிப் பக்கம் புதிதாக வந்தது. கோகிலவாணியின் டீம் காலண்டரை எடுத்து அதில் பொருத்தியது. ஆடியைத் திறக்கிற சுவிட்சை யாரும் போடவில்லை. அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. போடாவிட்டால் ஆடி மூடியே இருக்கும். மண்டபத்துக்கு அதுதானே சௌகரியம்.

அந்தப் பதினோரு நாளில் ஊசி போட வேண்டியிருந்த அறுபத்து மூன்று குழந்தைகளின் வீடுகளுக்குப் போன் போட்டார்கள். இரண்டு நாளில் அறுபத்து மூன்று குழந்தைகளும் வந்து, அழுது, ஊசி போட்டுக்கொண்டு போயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசிக் குழந்தையின் பெயருக்கு எதிரே டிக் விழுந்தது என்று கேட்ட பிறகுதான் சென்னியப்பனுக்குச் சோறு இறங்கியது.

சோறு இறங்கியதும் கோபமும் வந்தது. மனிதன் அப்படித்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றான் கோகிலவாணியிடம்.

"கேக்கணும்னே தெரியலீங்க சார்" என்றாள் அவள். "காலண்டர்தானேன்னு நெனச்சுட்டோம்."

*

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான். இனி இந்த மாதிரி நடக்கக் கூடாது. முப்பத்தெட்டாவது சுவிட்ச் வைக்கப்போகிறான். அதன் பெயர் 'இது கிளினிக்'. அதைப் போட்டால் ஆடி, மார்கழி, அஷ்டமி, நவமி எல்லாம் ஒரே அடியாகத் திறந்துகொள்ளும்.

கலாமணி பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவள் சித்தி.

"ஆடியாவது ஒண்ணாவதுங்க சித்தி. டாக்டரு ஆறாந்தேதின்னாரு. கட்டம் காலியா இருந்துச்சு, எழுதிட்டேன்."

சென்னியப்பனின் விரல் நின்றது.

தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தான். டயர்க்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர். கட்டங்கள், பெரிய பெரிய எண்கள், மேலே கடையின் பெயர். வேறு ஒன்றும் அச்சாகவில்லை. மற்றதெல்லாம் கலாமணியின் கையெழுத்து. பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு வட்டம். பள்ளிக்கூடத்து மீட்டிங். எழுந்து போய் ஆகஸ்ட் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தான். ஆறாம் தேதிக் கட்டத்தில் நீல மையில் 'ஆஸ்பத்திரி'.

அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'தம்பி'.

அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது. அவன் பெயர் எழுதுகிற அளவுக்கு இருந்தது.

"என்னங்க அங்க பார்க்கறீங்க?" என்றாள் கலாமணி. "சும்மாதான் நிக்கறீங்கன்னா, எதுத்த வீட்டு மல்லிகாக்கா குக்கரு இங்க இருக்கு. குடுத்துட்டு வாங்க."

குக்கரைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த மல்லிகாவின் தோளுக்குப் பின்னால், சுவரில், அதே டயர்க்கடைக் காலண்டர். அதே கட்டங்கள், அதே எண்கள். பேரனின் பரீட்சை நாட்கள் சிவப்பில். மகன் ஓசூரிலிருந்து வருகிற சனிக்கிழமைகளில் ஒரு நட்சத்திரம். பால் கணக்கு கிடையாது, அவர்கள் பாக்கெட் பால்.

"என்னங்க தம்பி, காலண்டரையே பார்க்கறீங்க?"

"உங்களுக்கும் டயர்க்கடையில குடுத்தாங்களாக்கா?"

"தெருவுக்கே குடுத்தானே."

"குடுக்கும்போது ஏதாச்சும் கேட்டானுங்களா? உங்க வீட்டுல யாரு, என்ன வேலைன்னு?"

மல்லிகா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அதை எதுக்குக் கேக்கறான்? குடுத்தான், ஆணியில மாட்டினோம். நீங்க நல்லாத்தான இருக்கீங்க? கலாமணியைப் பத்தி யோசிச்சு மனசை விட்டறாதீங்க தம்பி."

"நல்லா இருக்கேனுங்க" என்றான். நிஜமாகவே நல்லா இருப்பதுபோல் இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்து, முப்பத்தெட்டாவது சுவிட்சை அழித்தான்.

பிறகு முப்பத்தேழாவதை அழித்தான்.

*

செவ்வாய்க்கிழமை படியேறினான். ஆகஸ்ட் நான்காம் தேதி. விரிசல் விழுந்த போனை மேஜையில் வைத்தான்.

ஃபரீதா ஆப்பைத் திறந்தார். வெள்ளைத் திரை. அதில் ஆகஸ்ட் மாதம். வரிசை வரிசையாகக் கட்டங்கள், எண்கள். மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை, சாம்பல் இல்லை.

"எத்தனை ஃபைலுங்ணா?"

"ஒண்ணு."

"லாகின் பண்ணது யாருன்னு கேக்குதா?"

"அதுக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

ஃபரீதாவின் முகத்தில் ஏதோ வந்து போனது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

"ஆடி?"

"மண்டப ஆப்புலயே வெச்சுட்டேனுங்க. அங்கதான அது வேணும். தள்ளுபடி நாளெல்லாம் ஜவுளிக்கடைக்குப் போயிருச்சு."

"அப்ப இதுக்கு என்ன தெரியும்?"

"கட்டம் போடத் தெரியும். கட்டத்துக்குள்ள என்ன வரணும்னு வாங்கிட்டுப் போறவங்க குடுக்கணும். யாராச்சும் தொட்டா, இந்தத் தேதியைத் தொட்டாங்கன்னு சொல்லும். அதுக்கு மேல என்ன பண்ணணும்கறது அவங்க பாடு."

ஃபரீதா ஆறாம் தேதியைத் தொட்டார். திரையின் அடியில் ஓர் எழுத்து வரி வந்தது. 'ஆறாம் தேதி தொடப்பட்டது.'

"சுவிட்ச்?"

"ஒண்ணும் இல்லீங்க."

முதுகு நிமிரவில்லை. கொஞ்சம் கூன்கூட விழுந்திருந்தது.

"அப்புறம் ஏங்ணா மொகம் வாடியிருக்கு?"

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு மேஜையைப் பார்த்தான்.

"ஆறு வருஷமுங்க. அந்த முப்பத்தேழும் எனக்கு மட்டுந்தான் தெரியும். நேத்து மூணு டீமுக்கும் இதைக் குடுத்தேன். ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேன், எப்படிப் பொருத்தறதுன்னு. படிச்சுப் பார்த்துட்டு, சரிங்க சார்னு போயிட்டாங்க. யாரும் ஒண்ணும் கேக்கலை."

"ம்."

"இனி என்னை எதுக்குங்க கூப்பிடுவாங்க?"

ஃபரீதா போனைக் கையில் எடுத்தார். சென்னியப்பனின் காலண்டரை நீக்கினார். வெள்ளைத் திரை மறுபடியும் வெறுமையாக இருந்தது. போனை டிராயரில் வைத்து மூடினார்.

"வியாழக்கிழமை ஆபரேஷன் எத்தனை மணிக்குங்ணா?"

"எட்டரைக்கு."

"அவினாசி ரோட்டுல பாலம் வேலை நடக்குது. ஏழுக்கெல்லாம் கெளம்பிருங்க."

*

"நானும் வர்றேன்" என்றான் கலாமணியிடம்.

"வாங்க" என்றாள் அவள். பேஸ்ட், பிரஷ், துண்டு எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தபடியே சொன்னாள். தம்பி பழனிவேலையும் வரச் சொல்லியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பழைய கணக்கில் அவள் செய்தது சரிதான்.

லேப்டாப்பை எடுத்துக்கொள்ளவில்லை. அது மேஜையில் கிடப்பதைக் கலாமணி பார்த்தாள். செருப்பு மாட்டும்போது இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

எட்டரைக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். பச்சைத் துணியை மாட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவள் அவன் பக்கம் திரும்பி, "பழனி சாப்பிடாம வந்திருப்பான். கேன்டீன்ல ஏதாச்சும் வாங்கிக் குடுங்க" என்றாள். வழக்கமான குரல். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். கதவு மூடிக்கொண்டது.

பழனிவேல் இட்லி சாப்பிட்டான். சென்னியப்பனால் முடியவில்லை.

பத்தே முக்காலுக்கு போன் அடித்தது.

கோகிலவாணி.

எடுப்பதற்கு முன்பே கால் மாடிப்படியைப் பார்த்துப் போய்விட்டது. பழக்கம். மச்சான் தன்னைப் பார்க்கிறான் என்று தெரிந்தது. பழனிவேல் கெட்டவன் இல்லை. போனமுறையும் இப்படித்தான் பார்த்தான், அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"சொல்லுங்க" என்றான் படியில் நின்றபடி. "என்ன பிரச்சனை?"

"பிரச்சனை ஒண்ணும் இல்லீங்க சார். அக்காவுக்கு முடிஞ்சுதுங்களா?"

"இன்னும் இல்லை. காலண்டருல என்ன?"

"காலண்டருல ஒண்ணும் இல்லீங்க."

"சும்மா சொல்லுங்க. நான் வெளியிலதான் இருக்கேன்."

"நெசமா ஒண்ணும் இல்லீங்க சார். நேத்தே மாத்திட்டோம். ஊசி போட்ட நாளுக்கு ஒரு பச்சைப் புள்ளி வேணும்னு கிளினிக்ல கேட்டாங்க. அதையும் வெச்சுட்டோம்."

"யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"யாரையும் கேக்கலீங்களே. கட்டத்துக்குள்ள வர்றதை நாங்களே குடுத்தாப் போதும்னு எழுதியிருந்தீங்க. காத்தால இருந்து அம்பது புக்கிங் வந்திருச்சு. நான் அக்காவைப் பத்திக் கேக்கத்தான் கூப்பிட்டேன். வெச்சிரட்டுங்களா?"

வைத்துவிட்டாள்.

முதலில் நெஞ்சில் சுருக்கென்றது. அதை மறைத்துப் பயனில்லை. தன்னைக் கேட்காமலே பச்சைப் புள்ளி வைத்துவிட்டார்கள். அது எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரிசு என்றுகூட அவனுக்குத் தெரியாது. அறுபத்து மூன்று வீடுகளுக்குப் போன் போட்ட அதே டீம், ஒரு வாரத்தில்.

பிறகு படியிலேயே உட்கார்ந்தான். ஆறு வருஷமாகத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்ததை யாரோ வந்து இறக்கிவிட்டதுபோல் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டான். மறுபடியும் வந்தது, இந்தத் தடவை சிரிப்பும் கூடவே வந்தது. மேலே ஏறிப்போன ஒரு கம்பவுண்டர், ஆஸ்பத்திரிப் படிகளில் இதெல்லாம் சகஜம் என்பதுபோல் ஒதுங்கிப் போனார்.

"கலாமணி கூட வந்தவங்க?"

நர்சின் குரல். எழுந்து ஓடினான். பழனிவேலும் எழுந்தான்.

"ஒருத்தர்தான் வரணும்."

பழனிவேல் மாமனைப் பார்த்தான். மாமன் கையில் போன் இல்லை, சட்டைப் பையில் போட்டுவிட்டிருந்தான். பழனிவேல் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே குளிராக இருந்தது. கலாமணியின் கழுத்தில் வெள்ளைக் கட்டு. கண் மூடியிருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார் நர்ஸ். குரல் எப்படி என்று கேட்டான். கண் முழித்துப் பேசினால்தான் தெரியும் என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சாக்பீஸ் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள்.

எவ்வளவு நேரம் ஆனது என்று அவன் பார்க்கவில்லை.

கலாமணி கண் திறந்தாள். முதலில் மேலே பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். தம்பியைத் தேடினாள் போலிருக்கிறது. அவனைப் பார்த்ததும் பார்வை அங்கேயே நின்றது.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

சென்னியப்பன் நர்சைத் திரும்பிப் பார்த்தான்.

"அவசரப்படாதீங்கம்மா, மெதுவா" என்றார் நர்ஸ்.

எச்சிலை விழுங்கினாள். வலியில் நெற்றி சுருங்கியது. இன்னொரு தடவை முயன்றாள். கரகரவென்று வந்தது. ஆனால் வந்தது. அவள் குரலேதான்.

"எப்பக் கெளம்பணும்?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். ஒரு மணிக்கு. நாலு மணிக்கு. இதோ, அரை மணி நேரத்துல. இன்றும் அனிச்சையாகத் தேடினான். ஒரு நேரமும் அகப்படவில்லை. அவள் என்ன கேட்கிறாள் என்றே அவனுக்கு விளங்கவில்லை.

"எங்க?" என்றான் சென்னியப்பன்.